அடுக்குமாடி வீட்டுக்கு முதல் டிரம்ஸ்: அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ் எப்படி?

டிரம்ஸ் வாங்கணும் என்று யார் வந்து நின்றாலும், எத்தனாவது மாடி, கீழ்வீட்டில் யார் என்று கேட்டுவிட்டுத்தான் பட்ஜெட்டுக்கு வருவேன். தூத்துக்குடியில் சர்ச்சில் வாசிக்க ஆரம்பித்து, மெல்லிசைக் குழுக்களோடு கோயில் கொடை, கல்யாணம் என்று ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இப்போது சென்னையில் ஒரு ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிட் (முழு டிரம்ஸ் செட்). அதனால் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. இந்த முறை கேட்டது சொந்த அக்கா. பையனுக்குப் பன்னிரண்டு வயது. பெரம்பூரில் இரண்டாவது மாடி. கீழ்வீட்டில் கைக்குழந்தை.

"டேய், இவன் டைனிங் டேபிளைத் தட்டியே உடைச்சிருவான் போல. அம்பதாயிரத்துக்குள்ள ஏதாவது பாரு. ஆனா சத்தம் மட்டும் வரக் கூடாது."

சத்தம் வராத டிரம்ஸ் கிடையாது, அக்கா. அசல் கிட்டை மூடிய அறையில் சாதாரணமாக வாசித்தாலே நூறு டெசிபலைத் தாண்டும். அதைத் தெர்மகோல், முட்டை அட்டை ஒட்டி அடக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதெல்லாம் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பக்கத்து வீட்டுக்குப் போவதை நிறுத்தாது. ஆகவே ஃபிளாட் என்றால், பேடைத் தட்டினால் சத்தம் ஹெட்போனில் மட்டும் கேட்கிற எலக்ட்ரானிக் கிட்தான். அங்கே இரண்டாவது பேச்சு இல்லை.

அத்தானுக்கு வேறு யோசனை இருந்தது. "மாப்ளே, ஆர்க்கெஸ்ட்ராவுல எல்லாரும் பேடுதானே வாசிக்கிறாங்க? அதையே வாங்கிட்டா எடமும் அடைக்காதுல்ல?" நியாயமான கேள்விதான். நம் ஊர் மேடையில் ரோலண்ட் ஆக்டோபேடு, அதாவது குச்சியால் தட்டி வாசிக்கிற எலக்ட்ரானிக் பெட்டி, இல்லாத மெல்லிசைக் குழுவைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதில் எஸ்பிடி-20 என்ற மாடல் பழசாகி, கைமாறிக் கைமாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தபேலா, டோலக், தவில் எல்லாம் ஒரு பெட்டிக்குள் வந்துவிடுவதால் குழு நடத்துகிறவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அதில் கால் வேலை தானாக வராது. பெடல் தனியாக வாங்கி மாட்டலாம், மாட்டுகிறவர்கள் குறைவு. கை மட்டும் வேகமாக ஓடி, வலது கால் தூங்கிப்போன பேடு வாசிப்பாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கிட்டில் உட்காரவைத்தால் சாதாரண எட்டு மாத்திரை பீட்டுக்கே கிக், அதாவது கால் பெடலால் அடிக்கிற பெரிய டிரம், தடுமாறும். இரண்டு கை, இரண்டு கால் நாலும் தனித்தனியாகப் பேசப் பழகுவதுதான் முதல் வருஷப் பாடம். அதற்குக் கிட் வேண்டும்.

இந்த விலைக்குள் பார்த்தது மூன்று. யமஹா டிடிஎக்ஸ்402கே, ரோலண்ட் டிடி-02கே, அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ். மூன்றுமே ஐம்பதாயிரத்தை ஒட்டி முன்னே பின்னே நிற்பவை. விலை மாதத்துக்கு மாதம் ஆடும், அதனால் வாங்குகிற அன்றைக்கு இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யமஹாவைப் பொறுத்தவரை, அதன் மாட்யூலில் (சத்தத்தை உண்டாக்குகிற பெட்டி) பயிற்சிப் பகுதி அருமை. தாளம் தவறுகிறதா, முந்துகிறதா என்று சொல்லிக்கொடுக்கிற பாடங்கள் உள்ளேயே இருக்கின்றன. வாத்தியார் கிடைக்காத ஊரில் இருக்கிற பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் பேடு எல்லாம் ரப்பர். அதைவிட, வரிசையில் விலை குறைந்த 402கே-யில் கிக் பெடலுக்குச் சுத்தியலே கிடையாது. மிதித்தால் சத்தம் வரும், ஒரு சுவிட்சை அமுக்குவது போல. கீழ்வீட்டுக்கு நல்லது, காலுக்கு நல்லதில்லை. சுத்தியல் போய் மோதித் திரும்பி வருகிற அந்த எடையைக் கணுக்கால் உணராவிட்டால், அசல் கிட்டில் உட்காரும்போது மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். அதே வரிசையில் 432கே எடுத்தால் நிஜப் பெடல் அடிக்கிற கிக் பேடு வரும், விலையும் ஏறும்.

ரோலண்டில் டிடி-02கே-யும் ரப்பர்தான். கடைசியில் 'வி' சேர்ந்த டிடி-02கேவி-யில் ஸ்நேர் (வாசிக்கிறவருக்கு நேர் முன்னால் இருக்கிற டிரம்) மட்டும் மெஷ், அதாவது வலைத் துணித் தோல். ரோலண்ட் மாட்யூலின் துல்லியத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். மெஷ் தோலை, டிரம் தோல் செய்கிற ரெமோ கம்பெனியோடு சேர்ந்து 1997-இல் வி-டிரம்ஸில் கொண்டுவந்தவர்களே அவர்கள்தான். ஆனால் பையனின் கைக்கு எல்லாப் பேடும் மெஷ்ஷாக வேண்டும் என்பது என் பிடிவாதம். ரப்பரில் மணிக்கணக்காக அடித்தால் வளர்கிற பிள்ளையின் மணிக்கட்டு அதிரும். தட்டுகிற சத்தமும் அறைக்குள் 'டக் டக்' என்று கூடுதல். அந்தக் கணக்கில் இந்த விலைக்கு மிஞ்சியது அலெசிஸ்.

நைட்ரோ மேக்ஸ் 2023-இல் வந்தது. முந்தைய நைட்ரோ மெஷ்ஷில் ஸ்நேர் எட்டு அங்குலம்தான். இதில் பத்து. கேட்கச் சின்ன வித்தியாசம், உட்கார்ந்தால் தெரியும். அசல் ஸ்நேர் பதினாலு அங்குலம். எட்டு அங்குல வட்டத்தில் ரிம் என்கிற விளிம்பையும் தோலையும் சேர்த்து அடிக்கப் பழகுவது சிரமம், பத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. ஸ்நேரில் தோலுக்கு ஒரு சத்தம், ரிம்முக்கு ஒரு சத்தம். டாம் என்கிற மற்ற மூன்று டிரம்மும் எட்டு அங்குல மெஷ். சிம்பல்களான ஹை-ஹாட், கிராஷ், ரைடு மூன்றும் பத்து அங்குலம். கிராஷை அடித்துவிட்டு விளிம்பைக் கையால் பிடித்தால் சத்தம் நிற்கும். பையன் முதல் நாள் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

பெட்டியில் கிக் பெடல், ஒரு ஜோடி ஸ்டிக், தோலை இறுக்கித் தளர்த்துகிற டிரம் கீ எல்லாம் வந்துவிடும். ஸ்டூல் வராது, ஹெட்போன் வராது. விளம்பரப் படத்தில் ஸ்டூல் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அடியில் எழுதியிருக்கும் பட்டியலைப் படியுங்கள்.

மாட்டுவது கஷ்டமில்லை. எல்லாப் பேடையும் தாங்குகிற நாலு கால் ராக், அதில் கிளாம்ப். ஒயரெல்லாம் ஒரே கொத்தாக மாட்யூலிலிருந்து கிளம்பும், ஒவ்வொரு முனையிலும் எது எதற்கு என்று எழுதியிருக்கும். ஆனால் படத்தில் இருக்கிற உயரத்துக்கு அப்படியே மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பிள்ளையை உட்காரவைத்து, முழங்கை இடுப்போரம் தொங்கினபடி ஸ்டிக் முனை ஸ்நேரின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து ஸ்நேரை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் ஸ்நேரைச் சுற்றி வரட்டும். டாம் பேடைத் தன் பக்கம் அதிகம் சாய்த்து வைப்பது நம் ஊரில் ஒரு ஸ்டைல். மெஷ்ஷில் அப்படி வைத்தால் ஸ்டிக் முனை குத்தும், சீக்கிரம் தோல் போகும்.

மாட்யூலில் 32 கிட் (சத்தத் தொகுப்பு), 440-க்கு மேல் சத்தங்கள். இந்த எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாசிக்கிறவன் எவனும் மூன்று நாலு கிட்டுக்கு மேல் தொடுவதில்லை. எனக்குப் பிடித்தது புளூடூத். போனில் பாட்டைப் போட்டால் ஹெட்போனில் பாட்டும் டிரம்ஸும் சேர்ந்து கேட்கும். பிள்ளைகள் அலுக்காமல் உட்காருவதற்கு இது போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த புளூடூத் பாட்டை உள்ளே வாங்கத்தான், வெளியே அனுப்ப இல்லை. காதில் மாட்டும் ஒயர் இல்லாத இயர்பட்ஸ் இதற்கு உதவாது. வேறு வழியில் இணைத்தாலும் அடித்த பிறகு சத்தம் தாமதமாக வரும், தாளமே குழம்பிவிடும். காதை முழுதாக மூடுகிற, ஒயர் உள்ள ஹெட்போன் வாங்குங்கள். ஒலி அளவைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் பழக்குங்கள், பிள்ளையின் காது.

சென்சிட்டிவிட்டி என்று ஒரு அமைப்பு உண்டு. சின்னப் பிள்ளை மெதுவாகத் தட்டினாலும் பலமாகக் கேட்கும்படி அதை ஏற்றிவிடலாம். கடைக்காரர்கள் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள், அப்போதுதான் வாங்க வந்தவருக்கு ஜம்மென்று இருக்கும். வீட்டில் அதை இறக்குங்கள். ஏற்றி வைத்தால் மென்மையாக அடிப்பதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் வித்தியாசமே கேட்காது. ஒரே அளவில் அடித்துப் பழகிய பையன் சர்ச்சில் அசல் ஸ்நேரில் உட்கார்ந்தால், ஒன்று பாடகர் குரலே கேட்காது, இல்லை டிரம்ஸே கேட்காது. எங்கள் பையனுக்கு ஸ்நேரை இறக்கி வைத்தேன். "மாமா, சத்தமே வரல" என்றான். அடி, வரும் என்றேன். மணிக்கட்டு தளர்ந்து, ஸ்டிக் தானாகத் துள்ளித் திரும்ப ஆரம்பித்ததும் வந்தது.

மெஷ்ஷின் துள்ளல் அசல் தோலைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டிக் சும்மாவே எகிறும். உருட்டல் எல்லாம் வந்துவிட்ட மாதிரி ஒரு பிரமை உண்டாகும். இது அலெசிஸ் குறை இல்லை, மெஷ் என்றாலே அப்படித்தான். இதற்கு மருந்து, தினமும் கொஞ்ச நேரம் தலையணையில் அடிப்பது. துள்ளலே இல்லாத இடத்தில் விரல்தான் ஸ்டிக்கைத் தூக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது சர்ச்சிலோ கிளாஸிலோ அசல் கிட்டில் உட்காருவதும் அவசியம்.

இப்போது கீழ்வீடு. எலக்ட்ரானிக் வாங்கிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் எல்லாருக்கும் அடி விழுகிறது. காற்றில் போகிற சத்தம் குறைந்துவிடும். கிக் பெடல் மிதிக்கிற அதிர்வு ராக் வழியாக, டைல்ஸ் வழியாக, கான்கிரீட் வழியாக நேரே கீழே இறங்கும். மேலே இருக்கிற நமக்குத் தெரியாது. நான் பையனை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்டு, அவர்கள் ஹாலில் நின்று கேட்டேன். ஸ்நேர், சிம்பல் எதுவும் காதில் விழவில்லை. கிக் மட்டும் யாரோ மேலே குதிகாலால் நடப்பது போல 'தொம் தொம்' என்று இறங்கியது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "பகல்ல பரவால்லண்ணா, பாப்பா தூங்குற நேரம் மட்டும்..." என்றார்.

ஜமக்காளம் இரண்டாக மடித்துப் போடுவதெல்லாம் இதற்குப் போதாது. வெளிநாட்டு டிரம்மர்கள் ரொம்ப நாளாகச் செய்துவருகிற டென்னிஸ் பந்து மேடையைத்தான் செய்தோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு பலகை, கிட் முழுக்க, ஸ்டூலும் சேர்த்து உட்காருகிற அளவு. கீழ்ப் பலகையில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்ட ஓட்டைகள், ஒரு அடிக்கு ஒன்று என்ற கணக்கில். டென்னிஸ் பந்து ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், அதனால் ஓட்டைக்குள் விழாமல் குந்தி உட்காரும். அதன் மேல் அடுத்த பலகை, அதிலும் அதே இடங்களில் ஓட்டை, பந்தின் தலை அதில் பொருந்தும். மேல் பலகைக்கு ஒரு கயிற்றுப் பாய் அல்லது கார்ப்பெட், ராக் வழுக்காமல். தச்சருக்கு இது என்னவென்று புரியவைப்பதுதான் பாதி வேலை. "பந்து மேல பலகை வெச்சா ஆடாதா சார்?" ஆடும், கொஞ்சம். பந்து நெருக்கமாக இருந்தால் வாசிக்கிறபோது தெரியாது. ரப்பர் பந்து போடாதீர்கள், அது கல்லு மாதிரி. காற்றடைத்த டென்னிஸ் பந்துதான் அமுங்கும். தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களிடம் சொல்லி வைத்தால் மஞ்சள் முடி கொட்டின பந்துகூடக் கிடைக்கும், அமுக்கிப் பார்த்து ஒரே மாதிரி அமுங்குவதாகப் பொறுக்குங்கள்.

போட்ட பிறகு மறுபடி கீழே போய்க் கேட்டோம். ஃபேன் ஓடுகிற ஹாலில் தெரியவில்லை. ராத்திரி எல்லாம் அடங்கின பிறகு காதைக் கொடுத்தால் தெரியும். ராத்திரி எட்டுக்கு மேல் கிக் கிடையாது என்று அக்கா சட்டம் போட்டுவிட்டாள். பலகை, பந்து, கூலி எல்லாம் சேர்த்துக் கிட் பட்ஜெட்டிலேயே முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கிட்டுக்கே முழுக் காசையும் கொட்டிவிட்டால் மூன்றாவது வாரம் அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் பெயர் வரும்.

ஸ்டூலும் அப்படித்தான். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழகினால் முழங்கை இடிக்கும், தோளைத் தூக்கி வாசிக்கிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு போகாது. இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில், தொடை முன்னால் லேசாகச் சரிந்து இருக்கவேண்டும். உயரம் மாற்றுகிற ஸ்டூல் கட்டாயம், பன்னிரண்டு வயதுப் பையன் வருஷத்துக்கு ஒரு சாண் வளர்கிறான். ஸ்டிக் பெரியவர்களுக்கு 5ஏ, சின்னக் கைக்கு அதைவிட ஒல்லியான 7ஏ. நைலான் முனை நல்லது. மர முனை சிலும்பினால் மெஷ்ஷைக் கிழிக்கும், சிலும்பத் தொடங்கியதும் தூக்கிப் போடுங்கள்.

தனி வீடு, தோட்டம், இல்லை சர்ச்சுக்கே வாங்குகிறீர்கள் என்றால் நான் சொல்வதே வேறு. அசல் கிட் வாங்குங்கள். கரண்ட் போனாலும் வாசிக்கலாம். பேர்ல் ரோட்ஷோ, மேபெக்ஸ் டொர்னாடோ, டாமா ஸ்டேஜ்ஸ்டார் மாதிரி தொடக்கக் கிட்டுகளில் ஷெல்லை (டிரம்மின் மரக் கூடு) பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், எல்லாமே பழகப் போதுமானவை. கம்பெனிக்காரர்கள் காசு மிச்சம் பிடிக்கிற இடம் சிம்பல். கூட வருகிறவை பெரும்பாலும் பித்தளை, செம்பும் துத்தநாகமும். அடித்தால் தாம்பாளத்தைக் கீழே போட்ட மாதிரி கேட்கும். வெண்கலம் என்றால் செம்போடு வெள்ளீயம். பி8 என்று போட்டிருந்தால் எட்டு சதவீதம், பி20 என்றால் இருபது. முதலில் ஒரு நல்ல ஹை-ஹாட் ஜோடியை மட்டும் வெண்கலத்தில் மாற்றுங்கள், அதுதான் பாட்டு முழுக்க ஓடுவது. அடுத்து ஸ்நேருக்கு ரெமோ அல்லது எவன்ஸ் தோல். மற்றதெல்லாம் பிறகு.

பழசு வாங்கலாமா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லமாட்டேன், டிரம் கீயோடு போங்கள் என்பேன். தோலைக் கழற்றி ஷெல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பள்ளம், சிலும்பு இருந்தால் ட்யூனிங் நிற்காது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் கையாலேயே சுழல்கிறதா பாருங்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்றில் குரோம் பூத்து, ஸ்க்ரூ தன்னைப் பிடிக்கிற லக்கோடு ஒட்டிப்போயிருக்கும். வெளியே துடைத்துப் பளபளவென்று காட்டுவார்கள், உள்ளே துரு. ஸ்நேரின் அடியில் கம்பியை மேலே கீழே இழுக்கிற லீவர் இரண்டு நிலையிலும் நிற்கிறதா, ஹை-ஹாட்டின் மேல் தட்டைப் பிடிக்கிற கிளட்ச் மரை தேயாமல் இருக்கிறதா பாருங்கள். சிம்பலின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்று. மயிரிழை விரிசல் இருந்தால் நகம் தட்டும். நடு ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம் மாதிரி நீண்டிருந்தால், வாஷர் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், விலையைக் குறையுங்கள்.

கடைக்கு நேரில் போக முடிந்தால் போங்கள். சென்னையில் அண்ணா சாலையில் 1842-இலிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரி கடைகளில் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் ஹெட்போனை எடுத்துப்போய் அதில் கேளுங்கள். வேறொரு கடையில், பேர் வேண்டாம், கிட்டைப் பெரிய ஸ்பீக்கரில் மாட்டிக் காட்டினார்கள். ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போன் போடலாமா என்றதும் விற்பனையாளர் முகம் மாறிவிட்டது. பிள்ளையையும் கூட்டிப்போங்கள். ஐந்து ஆறு வயதுக்குச் சின்ன ஜூனியர் கிட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கால் பெடலை எட்டுகிற பிள்ளைக்கு அது வேண்டாம், சீக்கிரம் சின்னதாகிவிடும்.

நைட்ரோ மேக்ஸுக்கு என் தீர்ப்பு: ஃபிளாட்டில் வளர்கிற, வாத்தியார் ஒருவர் இருக்கிற பிள்ளைக்கு இந்த விலையில் தாராளமாக வாங்கலாம். மாட்யூலில் இன்னொரு டாம், இன்னொரு கிராஷ் மாட்ட இடம் இருக்கிறது, யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்து வேறு சத்தங்களையும் வாசிக்கலாம், அதனால் ஒரு மூன்று நாலு வருஷம் தாங்கும். ஏற்கெனவே மேடையில் வாசிக்கிறவர்களுக்குச் சிம்பல் சிறிதாகத் தெரியும், அவர்கள் காசு சேர்த்து மேலே போவது நல்லது. வாத்தியாரே கிடைக்காதவர்கள் யமஹா 432கே-யைப் பார்க்கலாம்.

ஆன்லைனில் எடுத்தால் பெட்டியைப் பிரிக்கிறபோது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப், போல்ட், ஒயர் முனை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, உள்ளே இருக்கிற தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். வாரண்டி முடிகிறவரை அட்டைப்பெட்டியைப் பரண் மேல் வையுங்கள். அக்கா அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடக் கிளம்பினாள், நான்தான் தடுத்தேன்.